காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா?

ஓராண்டு அணிந்து தேய்ந்த செருப்பு ஒன்று உங்கள் வீட்டு வாசலில் கிடக்கிறதா? அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் குதிகாலின் வெளி ஓரம் சற்று அதிகமாகத் தேய்ந்திருக்கும். மேற்புறத்தில், பெருவிரலுக்குப் பின்னாலுள்ள மேட்டுக்கு நேராக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். உங்கள் நண்பரின் செருப்பையும் பாருங்கள். அது வேறு விதமாகத் தேய்ந்திருக்கும். கையெழுத்தைப் போலவே நடையும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அப்படியானால் நம் நடைக்கு ஏற்ற செருப்பு எது?

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைக்கு ஏறும் சாலையில் ஒருமுறை போனால் இந்தக் கேள்வியின் கடினம் புரியும். முல்லையாற்றுப் பாசன வயலில் நாற்று நடுபவருக்குச் செருப்பே இடைஞ்சல்; சேற்றில் விரல்களை ஊன்றித்தான் நிற்க வேண்டும். மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவருக்கோ முள் தைக்காத தடித்த டயர் செருப்பு வேண்டும். மேலே ஏலத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு வழுக்காத அடிப்பாகம் வேண்டும். அட்டைக்கும் ஈரத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கிய காலத்திலும், கூலியாட்கள் அந்த மலையைக் காலால்தான் ஏறினார்கள். ஒரே பள்ளத்தாக்கு, ஆனால் கால்களுக்கு எத்தனை வேலைகள்!

தொடுதோல் முதல் மர அச்சு வரை

செருப்பு நமக்குப் புதிதன்று. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் அதற்குத் 'தொடுதோல்' என்று பெயர். அதை அணிந்து பழகிய ஆயர்களின் காலில் தழும்பு இருந்ததையும் அந்நூல் குறிப்பிடுகிறது. காலைக் காத்த செருப்பே காலைக் கடித்தும் இருக்கிறது!

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 17-ஆம் நூற்றாண்டு தொடங்கி 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அங்கே பெரும்பாலான காலணிகள் இடது, வலது என்ற வேறுபாடின்றி ஒரே மர அச்சில் தைக்கப்பட்டன. வாங்கியவர் போட்டுப் போட்டுத்தான் தோலைத் தம் காலுக்கு இணங்க வைக்க வேண்டும். காலுக்காகச் செருப்பு என்பதைவிடச் செருப்புக்காகக் கால் என்ற நிலை!

நம் நாட்டில் இதைவிடக் கசப்பான வரலாறும் உண்டு. பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் மேல்சாதியார் தெருவில் செருப்பணிந்து நடக்கவே தடை இருந்தது. தைப்பவர் ஒருவர், அணிபவர் வேறொருவர். எந்தச் செருப்பு நல்லது என்று கேட்கும் உரிமையே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

பாதம் என்னும் பாலம்

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. குதிகாலிலிருந்து விரல்கள் வரை நீளவாட்டில் ஒரு வளைவு. குறுக்குவாட்டில் இன்னொரு வளைவு. ஓர் அஞ்சலட்டையை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் சிறு எடையை வையுங்கள், அட்டை தொங்கிவிடும். அதையே குறுக்குவாட்டில் லேசாகக் குழித்துப் பிடியுங்கள், விறைத்து நிற்கும். பாதத்தின் குறுக்கு வளைவும் இப்படித்தான் வேலை செய்கிறது. பாதத்தின் விறைப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் குறுக்கு வளைவால் கிடைக்கிறது என்று மதுசூதன் வெங்கடேசனும் அவருடைய குழுவினரும் 2020-ல் காட்டினார்கள்.

நடக்கும்போது முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. பிறகு பாதம் சற்று உட்புறமாகச் சாய்ந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. கடைசியில் விறைத்து, விரல்களால் தரையை உந்தித் தள்ளுகிறது. இந்தக் கடைசிக் கட்டம்தான் ஆபத்தானது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு பாதங்களும் சேர்ந்து 200 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ எடை. உந்தித் தள்ளும்போது முழு எடையும் ஒரே காலின் 30 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் அது 2 கிலோ ஆகிவிடும். ஏறக்குறைய 7 மடங்கு! தோட்டத்துக்கு 2 கிலோமீட்டர் நடந்து திரும்புகிறவரின் ஒவ்வொரு காலும் இந்த அழுத்தத்தை நாளுக்குச் சுமார் 3,000 முறை தாங்குகிறது.

அப்படியும் நம் பாதம் புண்ணாவதில்லையே, ஏன்? வலிதான் காரணம். ஓரிடம் நோகத் தொடங்கியதும் நாம் அறியாமலே நடையை மாற்றி, எடையை வேறிடத்துக்குத் தள்ளிவிடுகிறோம். வலி என்னும் இந்தக் காவலாளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களைக் காண நாம் தேனியை விட்டு வேலூருக்குப் போக வேண்டும்.

கரிகிரியில் உருவான செருப்பு

டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையை டாக்டர் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். தொழுநோயில் சதையே அழுகி விழுகிறது என்று அப்போது பலரும் நம்பினர். பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குகிறது. வலி தெரியாததால் நோயாளி புண்ணின் மேலேயே நாள் முழுவதும் நடக்கிறார். காலை அரிப்பது பெரும்பாலும் கிருமி அன்று, நடைதான். அப்படியானால் மருந்து மட்டும் போதாது. செருப்பும் மருந்தாக வேண்டும்!

வேலூரிலும், 1955-ல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இதற்கான சோதனைகள் நடந்தன. நோயாளியால் 'இங்கே கடிக்கிறது' என்று சொல்ல முடியாது. ஆகவே அந்தப் பதிலை மருத்துவரும் செருப்புத் தொழிலாளியும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடினமான அடிப்பாகம் சில புள்ளிகளில் மட்டும் அழுத்தியது. மிக மென்மையான பஞ்சோ சில நாளில் நசுங்கித் தட்டையானது. இரண்டுக்கும் நடுவே, காற்றறைகள் நிறைந்த நுண்ணறை ரப்பர் பொருத்தமாக அமைந்தது. 'எம்.சி.ஆர்.' என்று சொல்கிறார்களே, அது இதுதான். பாதத்தின் மேடுபள்ளங்களுக்கு ஏற்ப அமிழ்ந்து, எடையைப் பரப்பி, பிறகு மீண்டுவிடும்.

ஆனால் இந்த ரப்பரை முள் எளிதில் துளைத்துவிடும். எனவே அதன் அடியில் டயர் ரப்பரை வைத்தார்கள். நம் மாடு மேய்ப்பவரின் டயர் கீழே. மெத்தென்ற ரப்பர் மேலே! ஆணி அடிப்பதைத் தவிர்த்தார்கள். ஆணி உள்ளே ஏறினால் அணிந்தவருக்குத் தெரியாதல்லவா? குதிகாலுக்குப் பின்னே ஒரு வார் வைத்தார்கள். உணர்ச்சியற்ற விரல்களால் செருப்பைப் பற்றிக்கொள்ள முடியாது. முன்பாதத்தில் பழைய தழும்பு உள்ளவர்களுக்கு வளையாத அடிப்பாகம் செய்து, அதன் அடியை மரக்குதிரையின் அடிக்கட்டை போல் வளைத்தார்கள். பாதம் மடங்காமலே உருண்டு முன்னேறும்.

இது பழங்கதை அன்று. தொழுநோயாளிகளுக்காக உருவான இதே செருப்பைத்தான் நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் மருத்துவர்கள் இன்று பரிந்துரைக்கிறார்கள். கழன்று விழுந்த செருப்பைக் கவனிக்காமலே ஒருவர் நடந்து போகிறார் என்றால், அது மறதி என்று விட்டுவிடாதீர்கள். கால் உணர்ச்சியைச் சோதிக்க வேண்டிய நேரம் அது.

ஈரத் தடம் சொல்வதும் சொல்லாததும்

காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு முறை மிதியுங்கள். தடத்தின் நடுப்பகுதி குறுகியிருந்தால் பாதத்தில் வளைவு உண்டு; முழுத் தடமும் விழுந்தால் தட்டைப்பாதம். இப்படி எடுத்த பாதத் தடங்களைக் கொண்டே ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 இந்தியக் குழந்தைகளை ஆராய்ந்து, 1992-ல் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்த குழந்தைகளில் தட்டைப்பாதம் 8.6 விழுக்காடு, வெறுங்காலோடு நடந்தவர்களில் 2.8 விழுக்காடு. விரல்களை மூடிய ஷூ அணிந்தவர்களிடமே அது மிகுதி. செருப்பு அணிந்தவர்களிடம் குறைவு. சிறு வயதில் பாதத் தசைகள் வேலை செய்து பழக வேண்டும் என்பதே இதன் பாடம். ஆனால் மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழுவின் இளம்புழு காலின் தோல் வழியே உடலில் நுழையும் என்பதையும் மறக்கக்கூடாது. வெறுங்கால் நல்லதா என்பது தரையையும் பொறுத்தது.

ஆனால் ஈரத் தடத்தை வைத்தே காலணியைத் தேர்ந்துவிடலாமா? 1980-களில் ஓட்டக்காரர்களிடையே அந்தப் பழக்கம் பரவியது. பாதம் அதிகமாக உட்சாய்ந்தால் ஒரு வகை ஷூ, இல்லையென்றால் வேறு வகை. பின்னர் டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே வகை ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். உட்சாய்ந்த பாதத்தினருக்குக் காயம் கூடுதலாக ஏற்படவில்லை. அமெரிக்கப் படைகளில் பாத வளைவைப் பார்த்து ஷூ வழங்கியபோதும் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. நடையியல் அறிஞர் பென்னோ நிக் 2015-ல் சொன்ன யோசனை எளியது: எது இதமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வுகள் மறுபடியும் அந்தப் பழைய காவலாளியிடமே வந்து நின்றன.

கடையில் என்ன செய்வது?

மாலையில் போங்கள், பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். இரண்டு கால்களிலும் போட்டு, எழுந்து நடந்து பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருக்கட்டும். விரல்கள் நெருக்கப்படாமல் விரிய வேண்டும். விரல் மூட்டு மடங்கும் இடத்தில்தான் காலணியும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று கடைக்காரர் சொன்னால், ஒரே மர அச்சில் தைத்த அந்தப் பழைய காலம் உங்கள் நினைவுக்கு வரட்டும்.

நீரிழிவு உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த விதி மாறும். அவருக்கு 'இதமாக இருக்கிறது' என்ற சொல்லை மட்டும் நம்பக்கூடாது. ஆண்டுக்கொரு முறையாவது நைலான் இழையால் கால் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளட்டும். செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். இரவில் யாராவது ஒருவர் அவருடைய உள்ளங்காலைப் பார்க்கட்டும். கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்கு வெறுங்காலோடு போய்ப் பழகிய பெரியவருக்கு இதைச் சொல்வது எளிதன்று. அறுபது ஆண்டுகளாக அவருடைய கால்களைக் காத்த வலி இப்போது பேசாமல் இருக்கலாம். அதன் வேலையை இனி அவர் வீட்டில் உள்ளவர்களின் கண்கள்தான் செய்ய வேண்டும்.