ஐந்தருவியும் ஐந்து மண்டபங்களும்

ஆனி பிறந்து, மேற்கு மலைத்தொடரில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் குற்றாலம் விழாக்கோலம் பூணுகிறது. பேரருவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஒரே நீரோட்டம் பாறையில் மோதிப் பல கிளைகளாகப் பிரிந்து வீழும் ஐந்தருவியில் கூட்டம் அலைமோதுகிறது. மூலிகைக் காடுகளின் ஊடாக வரும் இந்நீர் உடற்பிணியையும் மனச்சோர்வையும் நீக்கும் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கொண்ட நம்பிக்கை. ஆயினும், அந்நீரின் கீழ் நிற்க வேண்டுமானால் படிகளில் இறங்கவும், வழுக்கும் பாறையில் கால் ஊன்றவும், நெரிசலில் இடம் பிடிக்கவும் உடலில் வலு வேண்டும். வலுவற்றவர் கரையிலேயே இருந்துவிடுகின்றனர்.

இக்காட்சியை எண்ணும்போது யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. எருசலேமில் ஆட்டு வாயிலுக்கு அருகே பெத்சதா என்னும் குளம் இருந்தது. அதற்கு ஐந்து மண்டபங்கள் இருந்தன என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டி நடைபெற்ற அகழ்வாய்வுகளில் இரட்டைக் குளம் ஒன்று வெளிப்பட்டது. நாற்புறமும் நான்கு மண்டபங்கள், இரு குளங்களையும் பிரிக்கும் நடுச்சுவரின்மேல் ஒன்று எனக் கொண்டால் கணக்கு ஐந்தாகிறது. அம்மண்டபங்களில் ஒன்றில்தான் முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த மனிதரை ஆண்டவர் கண்டார். நலம்பெற விரும்புகிறாயா என்று கேட்கப்பட்டபோது, நீர் கலங்கும் வேளையில் தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்பதே அவருடைய மறுமொழியாக இருந்தது. நீர் அவருக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது. துணைக்கு ஆள்தான் இல்லை.

ஆள் இல்லாத அக்குறையை நீக்கும் முயற்சி ஒன்று, ஐந்தருவியிலிருந்து சிறிது தொலைவிலேயே, தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. அமர் சேவா சங்கம் என்பது அதன் பெயர். அதன் வரலாறு நம் திருச்சபையின் ஏடுகளில் எழுதப்பட்ட வரலாறு அன்று. எனினும் இறைமக்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்று துணிந்து கூறலாம்.

ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் கோவையில் பொறியியல் பயின்ற மாணவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொள்ளப் பெங்களூர் சென்றவர், அங்கு நிகழ்ந்த விபத்தில் கழுத்தெலும்பில் காயமுற்றார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அப்போது அவருக்குச் சிகிச்சையும் ஊக்கமும் அளித்தவர் விமானப்படை மருத்துவரான அமர்ஜித் சிங் சாகல். ஊர் திரும்பிய இராமகிருஷ்ணன், 1981ஆம் ஆண்டு ஓர் ஓலைக்கொட்டகையில் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்துச் சிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அம்மருத்துவரின் பெயரையே அமைப்புக்குச் சூட்டினார். நெல்லைச் சீமையின் ஓர் இந்து இளைஞர் தம் பணிக்குச் சீக்கிய மருத்துவர் ஒருவரின் பெயரை இட்டதில், எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைத் தூக்கிச் சென்ற சமாரியரின் உவமையை நாம் காணத் தவறலாகாது. அன்பு செய்வோர் யாவரும் நம் வேலிக்குள் இருப்பவர்கள் அல்லர்.

1981ஆம் ஆண்டுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவை அதனை உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அதையொட்டித் திருப்பீடம் அவ்வாண்டு மார்ச்சில் தனி ஆவணம் ஒன்றை வெளியிட்டது. செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலின் 22ஆம் எண், இவர்களுடைய உழைப்புரிமை பற்றியே பேசுகிறது. முழுத் திறன் உடையவர்களை மட்டும் ஏற்றுக்கொள்ளும் சமூகம், வலியோர் எளியோரை ஒடுக்கும் கொடிய பாகுபாட்டில் விழுகிறது என்பது அதன் கருத்து. மே மாதம் துப்பாக்கிக் குண்டுகளால் காயமுற்று மருத்துவமனையில் கிடந்த திருத்தந்தை, குணமடைந்த பின்னரே அம்மடலை இறுதியாகச் சீர்செய்து வெளியிட்டார் என்பதும் எண்ணத்தக்கது.

இதற்கு முன்பும் நம் மண்ணில் இத்தகைய பணிகள் இருந்தன. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் ஆங்கிலத் திருச்சபையின் பெண் மறைப்பணியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகளைத் தொடங்கினர். வேலூரில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னரும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் ஒன்று உருவாக வழிவகுத்தார். இவற்றின் அருமையை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் நிறுவனம் என்பது ஒரு குளம் போன்றது. அதனிடம் வந்து சேர்கிறவர்க்கே அது பயன்படும்.

வந்து சேர்வது எளிதா? தென்காசி வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். கழுத்து நிற்காத மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் சுமந்து, பேருந்தின் உயரமான படியில் ஏறி, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருநெல்வேலி மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால் ஒருநாள் கூலி போய்விடும். வாரந்தோறும் வரச் சொன்னால் அவள் எத்தனை வாரம் வருவாள்? சில மாதங்களில் பயணம் நின்றுபோகும். குழந்தை வீட்டின் பின்னறைக்குப் போய்ச் சேரும். பிறகு அங்கே ஒரு குழந்தை இருப்பதே ஊருக்கு மறந்துவிடும்.

இந்த உண்மையை உலகம் உணர்ந்த காலமும் ஏறத்தாழ அதுவே. 1978இல் அல்மா-ஆட்டா நகரில் கூடிய மாநாடு, மருத்துவம் மக்கள் வாழும் இடத்திலேயே தொடங்க வேண்டும் என்று அறிவித்தது. அதனைத் தொடர்ந்து, சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்னும் கருத்தை உலக நலவாழ்வு நிறுவனம் முன்வைத்தது. மெக்சிகோவின் அஜோயா என்னும் மலைக்கிராமத்தில் டேவிட் வெர்னரின் துணையுடன் உடற்குறை உடைய கிராமத்தாரே நடத்தும் மறுவாழ்வு மையம் ஒன்று தோன்றியதும் அதே 1981இல்தான். ஒருவரையொருவர் அறியாத இரு சிற்றூர்கள், ஒரே ஆண்டில் ஒரே வழியில் நடக்கத் தொடங்கியது நமக்கு வியப்பளிக்கிறது.

ஆய்க்குடியும் பள்ளி, விடுதி, ஊன்றுகோலும் காலணைக் கருவியும் செய்யும் பணிமனை, தொழிற்பயிற்சி என வளர்ந்ததோடு நின்றுவிடவில்லை. வளாகத்தை விட்டு ஊர்களுக்குள் சென்றது. அந்தந்த ஊரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட பணியாளர்கள் வீடுவீடாகச் செல்கின்றனர். வளர்ச்சி பின்தங்கிய குழந்தையை இனங்கண்டு, எப்படிப் பிடித்து உட்கார வைப்பது, எப்படி உணவூட்டுவது, எந்தத் தசையை எப்படி இளக்குவது என்று தாய்க்குக் கற்றுத் தருகின்றனர். அண்மை ஆண்டுகளில் குழந்தையின் முன்னேற்றத்தைக் கைபேசிச் செயலி வழியே பதிந்து, தொலைவில் உள்ள வல்லுநரின் ஆலோசனையைப் பெறும் முறையும் வந்துவிட்டது.

இம்முறையின் பொருத்தத்தைக் காலமும் மெய்ப்பித்துள்ளது. எண்பதுகளில் குழந்தைகளை முடக்கியவற்றுள் முதன்மையானது இளம்பிள்ளைவாதம். அதற்குக் காலணைக் கருவியும் ஊன்றுகோலும் பெருமளவு உதவின. 2011 ஜனவரியில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டு, 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. இன்று நம்முன் நிற்பவை மூளை முடக்குவாதம், மனவளர்ச்சித் தாமதம், மதியிறுக்கம் போன்றவை. மூளை விரைந்து வளரும் முதல் ஆறு ஆண்டுகளுக்குள் நாள்தோறும் பயிற்சி அளித்தால் அடையக்கூடிய பலன், காலம் கடந்தபின் எளிதில் கிட்டுவதில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் காணும் வல்லுநரைவிட, நாள்தோறும் குளிப்பாட்டி உணவூட்டும் தாயின் கைகள் செய்யக்கூடியது அதிகம். அவள் கற்றது அவளிடமே தங்கும். நிதி குறைந்தாலும், திட்டம் முடிந்தாலும் அந்த அறிவை எவரும் திரும்பப் பெற முடியாது. நிலைத்த வளர்ச்சி என்று அறிஞர்கள் பேசுவது இதனையே என்று நாம் கருதுகிறோம்.

சுமக்கப்பட்டவரே சுமப்பவராக மாறியது இவ்வரலாற்றின் மற்றொரு சிறப்பு. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்கரான எஸ். சங்கர ராமன் 1992இல் இப்பணியில் இணைந்தார். கைகால் அசைக்க இயலாத ஒருவரும், தசைவலு இழந்துவரும் ஒருவருமாக இந்நிறுவனத்தை வளர்த்தெடுத்தனர். சங்கத்தின் சிவசரஸ்வதி வித்யாலயா பள்ளியில் மாற்றுத்திறன் உடைய பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயில்கின்றனர். இராமகிருஷ்ணனுக்கு 2020ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெத்சதாவில் குணமடைந்தவர் தம்மைத் தாங்கிய படுக்கையைத் தாமே சுமந்து நடந்தார் என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் சிற்றூர்களில் வாழ்கின்றனர். 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை இருபத்தொன்றாக விரித்து, இரக்கத்தின் பேரில் வழங்கப்பட்ட பலவற்றை உரிமை என்று உரைத்தது. ஆனால் சட்டம் தானாகப் பின்னறைக்குள் நுழைவதில்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்லவும், பள்ளியில் சேர்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளை எங்கே தேடுவது? கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்றவரைக் கட்டிலோடு சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் பெயர்களை மாற்கு எழுதி வைக்கவில்லை. அவர்கள் அண்டை வீட்டாராக இருந்திருக்கலாம். நம் பங்குகளில் அன்பியங்கள் உள்ளன. முப்பது நாற்பது குடும்பங்களின் நல்லது கெட்டது அறிந்தவர்கள் அவற்றில் கூடுகின்றனர். நம் அன்பிய எல்லைக்குள், எச்சமயத்தார் வீடாயினும், ஆறு வயது நிரம்பாத, கழுத்து நிற்காத, பேச்சு வராத குழந்தை உண்டா என்று ஒரு மாதத்தில் அறிந்துவிட முடியும். அத்தாயுடன் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று வரலாம். அவள் போய்த் திரும்பும்வரை மற்றப் பிள்ளைகளை இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம். ஆலய வாயிலின் படிகளுக்கு அருகே ஒரு சாய்தளம் அமைக்கத் திருவிழா வரவில் சிறு பங்கு போதும். தமக்குப் பின் இப்பிள்ளையை யார் பார்ப்பார் என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோர்க்கு, இதோ நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல ஒரு கூட்டம் வேண்டும்.

அடுத்த சாரல் காலத்தில் ஐந்தருவிக்குச் செல்வோர் நம்மில் பலர் இருப்பர். அவ்வழியே ஆய்க்குடிக்கும் ஒருநாள் சென்று வரலாம். அங்குள்ள பணியாளர்களிடம் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, ஒரு தாயிடம் முதலில் என்ன பேசுவது என்று கேட்டறிந்து வந்தால், நம் பங்கிற்கு அது பெரும் பயன் தரும்.