ஒலியொப்புச் சொற்கள் (ஆங்கிலம்)

ஒரே ஒலிப்பும் வெவ்வேறு பொருளும் கொண்ட சொற்கள். எழுத்தில் பெரும்பாலும் வேறுபடும். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டியுள்ள கியா பார்ம் காய்கறிச் சந்தையிலேயே இவற்றுக்கு நல்ல சான்றுகள் உண்டு. வெங்காய இனத்து ‘லீக்’கும், ஒழுகலைக் குறிக்கும் ‘லீக்’கும் காதுக்கு ஒன்றே. முன்னதில் ‘ஈ’ என்ற எழுத்து இரட்டிக்கும். பின்னதில் ‘ஈ’யை அடுத்து ‘ஏ’ வரும். பூவையும் மாவையும் குறிக்கும் ‘பிளவர்’ தொடக்கத்தில் ஒரே சொல்தான். தானியத்தின் சிறந்த பகுதி அதன் ‘பூ’ எனப்பட்டது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதிகூட இரண்டையும் எழுத்தில் பிரிக்கவில்லை.

தேயிலையின் கதை இன்னும் சுவையானது. இன்று ‘டீ’ என்ற பானமும், கோல்ப் பந்தை வைக்கும் முளையான ‘டீ’யும் ஒலியொப்புச் சொற்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பானத்தை ‘டே’ என்றும் ஒலித்தனர். அலெக்சாண்டர் போப் 1714இல் வெளியிட்ட கவிதையில் அது ‘ஒபே’யுடன் இயைபு கொள்கிறது. தென்சீனத்து மின் மொழியின் ‘தே’ என்னும் அந்தப் பழைய ஒலி, மலாயில் ‘தே’ எனவும் தமிழில் ‘தேயிலை’யிலும் நிலைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒலி மாறியது, எழுத்து மாறவில்லை. ஒலியொப்புச் சொற்கள் பல இவ்வாறே பிறந்தவை.

ழகரத்தை லகரமாகப் பேசுவோர் வாயில் மழையும் மலையும் ஒன்றாவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது புதிதல்ல. ஆசிரியர்கள் இச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்விக்காமல், வாக்கியத்தில் வைத்தே கற்பிக்க வேண்டும்.