கடல் தாண்டிய களிமண் காளை

ரோமானியர் காலத்துச் சுடுமண் நாய், சேவல், காளைகளை அருங்காட்சியகங்களில் பார்த்திருப்போம். ஆனால் அவற்றை வார்த்தெடுக்கும் அச்சு ரோமானியர் சொத்தல்ல. மேற்காசியாவிலிருந்து கி.மு. ஏழாம் நூற்றாண்டில் கிரேக்கத்துக்கு வந்தது அது. கிரேக்கக் குயவர்களிடமிருந்து இத்தாலி கற்றுக்கொண்டது.

வேலை எளிது. முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டிலும் மெல்லிய களிமண்ணை அழுத்தி, ஒட்டி, சூட்டில் வெடிக்காமலிருக்க ஒரு துளை போட்டுச் சூளையில் வைப்பார்கள். வயிற்றுக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டு மூடினால் கிலுகிலுப்பை தயார்!

இந்த எளிமைதான் நகலெடுப்பவர்களுக்கும் வழிவிட்டது. சந்தையில் ஒரு பொம்மையை வாங்கி, அதன்மேலேயே களிமண்ணை அப்பினால் புது அச்சு கிடைத்துவிடும். ஆனால் களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். நகலின் நகல் இன்னும் சிறுக்கும், முகமும் மழுங்கும். எது முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் கணிப்பது இந்தச் சுருக்கத்தை அளந்துதான். மண்விளக்குகளிலும் இதே கதை: ‘ஃபோர்டிஸ்’ என்று பெயர் பொறித்த வட இத்தாலிய விளக்குகளை அந்தப் பெயரோடு சேர்த்தே மற்ற மாகாணங்களில் நகலெடுத்தார்கள்.

எகிப்துக்குப் போனபோது உருவங்கள் ஊருக்கேற்ப மாறின. அங்கே நைல் மண்ணில், சாடி சுமக்கும் ஒட்டகம் பிறந்தது. பிரான்சின் அல்லியே ஆற்றங்கரையிலோ அருமையான வெண்களிமண் இருந்தது. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் அங்கே குதிரையும் கோழியும் புறாவும் குவியல் குவியலாக உருவாயின. அந்த ஆறு லுவார் நதியில் கலக்கிறது. லுவார் அட்லாண்டிக்கில் கலக்கிறது. கடலுக்கு அப்பால் பிரிட்டன்.

இப்படிக் கடல் தாண்டிய பொம்மைகள் சில 1990இல் கேம்பிரிட்ஜ் அருகே ஆரிங்டனில் கிடைத்தன. ஈயம் பதித்த சவப்பெட்டியில், தலையில் நீர் கோத்த ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை. உடன் வெண்மண் பொம்மைகள்: தாய்த் தெய்வம் ஒன்று, செம்மறிக்கடா, காளை. மலிவுச் சரக்கு என்று இவற்றை ஒதுக்குபவர்கள் இந்தக் கல்லறையைப் பார்க்க வேண்டும்.

அச்சு கிழக்கேயும் வந்தது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. சாதவாகனர் காலத்துத் தக்காண ஊர்களான தேர், கொண்டாப்பூர் ஆகியவற்றில் வெண்களிமண்ணில் இரட்டை அச்சுப் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. ரோமானிய வணிகம் செழித்த காலம் அது.

அடுத்தமுறை இப்படியொரு பொம்மையைக் கண்டால் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு பெரும்பாலும் இன்னும் தெரியும்.