முகம் தெரியாத அந்தப் படம்



1987-ல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். கடைசி நாள் சாயங்காலம், பனிமூட்டத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் மலை விளிம்பில் வரிசையாக நிறுத்தி, இரவல் கேமராவில் ஒரே ஒரு படம் எடுத்தேன். ஃபிலிம் ரோலில் அது ஒன்றுதான் மிச்சம். பிரிண்டுக்காக ஆளுக்கு 5 ரூபாய் வேறு வசூலித்திருந்தேன். ஊர் திரும்பிக் கழுவிப் பார்த்தால் வானம் அருமையாக வந்திருக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் கரிக்கட்டை! "சூரியனுக்கு எதிரா வச்சு எடுத்துட்டீங்களே சார்" என்றார் ஸ்டூடியோக்காரர். வெட்கத்தில் யாருக்கும் காட்டவில்லை. பணத்தையும் திருப்பித் தரவில்லை.

ஓய்வுக்குப் பிறகு புகைப்பட வரலாறு படித்தபோதுதான், பெரிய கலைஞர்களே இதில் திண்டாடியது தெரிந்தது. 1850-களின் கொலோடியன் கண்ணாடித் தகட்டில் நிலத்துக்கு ஏற்ப ஒளி கொடுத்தால் வானம் வெளுத்துவிடும். வானத்துக்கு ஏற்பக் கொடுத்தால் நிலம் இருண்டுவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டுச் சமாளித்தார். ஆனால் 1856-ல் அவர் எடுத்த பாய்மரக் கப்பல் படத்துக்கு ஒரே நெகட்டிவ்தான். மேகத்துக்குப் பின்னிருந்த சூரியனை நேரே நோக்கி எடுத்தார். கப்பல் கறுத்து, கடல் மினுங்கியது. பார்த்தவர்கள் பலர் நிலா வெளிச்சத்தில் எடுத்தது என்றே நம்பினார்கள்.

('சில்லவுட்' என்ற சொல் ஒரு மந்திரியின் பெயர். 1759-ல் சில மாதங்களே பிரான்சின் நிதியமைச்சராக இருந்த எத்தியேன் த சிலுவெத் சிக்கனம் சிக்கனம் என்று வதைத்ததில், மலிவான எதற்கும் அவர் பெயரை வைத்தார்களாம். கறுப்புத் தாளில் வெட்டும் மலிவு உருவப்படத்தோடு அது ஒட்டிக்கொண்டது.)

என்னை உலுக்கியது எர்னஸ்ட் புரூக்ஸின் படம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் அவர். 1917 அக்டோபர் 5, பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனை. கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவினர் முன்வரிசைக்கு நடந்து போகிறார்கள். வெளுத்த வானத்தின் எதிரே ஹெல்மெட்டும் துப்பாக்கியும் நடையும் தெரிகின்றன. ஒரு முகமும் தெரியவில்லை. மகனைப் போருக்கு அனுப்பிய எந்தத் தாயும் அதில் ஒருவனைத் தன் பிள்ளையாக நினைத்திருக்கலாம்.

அன்றிரவே பீரோவைக் குடைந்து என் பழைய படத்தை எடுத்தேன். அந்த வரிசையில் நின்ற ஒருவன், உங்களுக்குத் தெரியும், மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். போன மாதம் அவன் அம்மாவைப் பார்க்கப் போனபோது தயங்கித் தயங்கித்தான் படத்தை நீட்டினேன். பின்னாலிருந்த மரம், மலையெல்லாம் பனியில் கரைந்துபோனதால் ஒவ்வொருவரின் ஓரமும் கத்தரித்தது போல நிற்கும். அந்த அம்மா கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"இடப்பக்கம் நாலாவது சார். ஒத்தக்காலை மடக்கி வச்சுட்டு நிக்கிறான் பாருங்க. வீட்லயும் அப்படித்தான் நிப்பான்."

அந்தப் படத்தை அங்கேயே கொடுத்துவிட்டேன். நெகட்டிவ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்த வகுப்புக்காரர்கள் முகவரி அனுப்புங்கள், பிரதி வரும். காசு வேண்டாம், 5 ரூபாய் அப்போதே வாங்கிவிட்டேன்.