சர்க்கரைப் பாஷை

தராசு என்கிறோம், சிபாரிசு என்கிறோம், திருவிழாவுக்குப் போலீஸ் பந்தோபஸ்து கேட்கிறோம், காரியம் நடக்காவிட்டால் குமாஸ்தாவைத் திட்டுகிறோம். இவை அத்தனையும் பாரஸீகச் சொற்கள். நவாபுகளின் காலத்தில் கச்சேரிகளுக்குள் புகுந்து, அங்கிருந்து கடைத்தெருவுக்கு வந்து, ஊர் திரும்ப மனமில்லாமல் நம்மோடு தங்கிவிட்டவை. பதில் மரியாதையாக நம் தேசத்திலிருந்தும் ஒரு சொல் அங்கே போயிருக்கிறது. வடமொழியில் சர்க்கரா, தமிழில் சர்க்கரை, பாரஸீகத்தில் ஷெக்கர்.

அந்த ஷெக்கரைத் தலைப்பிலேயே வைத்து, ‘பாரஸீகம் சர்க்கரை’ என்று ஒருவர் சிறுகதை எழுதினார். ஈரானின் தற்காலச் சிறுகதைக்கு அதுவே பிள்ளையார் சுழி. வேடிக்கை என்னவென்றால், அது அச்சேறிய இடம் தெஹ்ரானும் அல்ல, ஷிராஸும் அல்ல. 1921-ல், ஜெர்மனியின் பெர்லின் நகரில் அது வெளிவந்தது! எழுதியவர் முகம்மது அலி ஜமால்ஸாதா. 1892-ல் இஸ்பஹானில் பிறந்தவர். 1997-ல் ஜினீவாவில் காலமானார். நூற்றைத் தாண்டிய அந்த ஆயுளில் சொந்த மண்ணில் அவர் கழித்தது பெரும்பாலும் பிள்ளைப் பிராயம் மட்டுந்தான். பிறகு போய் வந்ததெல்லாம் சில தடவைகளே.

இப்படி நாடு விட்டு வந்தவருக்கு நாட்டின் கதையைச் சொல்ல என்ன பாத்தியதை? கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. விடை தேட அவருடைய தகப்பனாரிடமிருந்து தொடங்க வேண்டும்.

தகப்பனார் செய்யித் ஜமாலுத்தீன் பெயர் பெற்ற பிரசங்கி. மற்றப் பண்டிதர்கள் அரபுச் சொற்களை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்த காலத்தில், கடைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் புரிகிற பேச்சில் அவர் அரசாங்கத்தின் அநீதியைக் கண்டித்தார். மக்களின் கிளர்ச்சியால் 1906-ல் ஈரானுக்குப் பார்லிமெண்டு கிடைத்தது. 1908 ஜூன் மாதத்தில் முகம்மது அலி ஷா அந்தப் பார்லிமெண்டைப் பீரங்கியால் தாக்கச் செய்தான். தப்பியோடிய பிரசங்கி வழியில் பிடிபட்டு, புரூஜெர்த் என்னும் ஊரில் கொல்லப்பட்டார். படிப்புக்காக அனுப்பப்பட்டிருந்த மகன் அப்போது லெபனானில் இருந்தான். தகப்பனாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. பிதுரார்ஜிதமாக அவனுக்கு மிஞ்சியது அந்தப் பேச்சு ஒன்றுதான்.

பிறகு ஸ்விட்ஸர்லாந்து, பிரான்ஸ், சட்டப் படிப்பு. முதல் உலக யுத்தத்தின்போது பெர்லினுக்குப் போய், அங்கே கூடியிருந்த ஈரானியத் தேசபக்தர்களோடு சேர்ந்துகொண்டார். அவர்கள் நடத்திய பத்திரிகையின் பெயர் ‘காவே’. பழங்கதையில் கொடுங்கோலனை எதிர்த்து எழுந்த கொல்லனின் பெயர் அது. அந்தப் பத்திரிகையில்தான் ‘பாரஸீகம் சர்க்கரை’ பிரசுரமாயிற்று.

கதை எளிமையானது. ஐந்து வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு அன்ஸாலித் துறைமுகத்தில் இறங்கும் ஒருவனை, ஐரோப்பியத் தொப்பி போட்ட குற்றத்துக்காகச் சந்தேகப்பட்டு ஓர் இருட்டறையில் அடைக்கிறார்கள். உள்ளே ஏற்கனவே இரண்டு பேர். ஒருவர் ஷேக், வாயைத் திறந்தால் அரபு மழை. மற்றவர் நாகரிக வாலிபர். அவர் பேச்சில் பாதி பிரெஞ்சு. பிறகு ரம்ஸான் என்ற ஏழை ஒருவனையும் பிடித்துத் தள்ளுகிறார்கள். எதற்காகத் தன்னை அடைத்தார்கள் என்று அந்த ஏழை முதலில் ஷேக்கிடம் கேட்கிறான். கிடைத்த பதிலில் ஓர் எழுத்துக்கூடப் புரியவில்லை. வாலிபரிடம் கேட்கிறான், அதுவும் புரியவில்லை. பைத்தியங்களோடு, பேய் பிடித்தவர்களோடு தன்னைப் பூட்டிவிட்டார்கள் என்று அலறிக் கதவை இடிக்கிறான். அப்போது தொப்பிக்காரன் மூலையிலிருந்து சாதாரணப் பாரஸீகத்தில் ஆறுதல் சொல்கிறான். ரம்ஸானுக்குப் போன உயிர் திரும்பி வருகிறது.

இந்த ஷேக்கும் வாலிபரும் நமக்கு அந்நியர்களா, என்ன! மணிப்பிரவாளப் பண்டிதரையும் இங்கிலீஷ் கலக்காமல் இருமவும் தெரியாத கனவானையும் நம் ஊரிலும் கண்டிருக்கிறோம். பாவம், ரம்ஸானையும் கண்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த நால்வரில் ரம்ஸானுக்குப் புரியும்படி பேசியவன், அந்நியன் என்று சந்தேகிக்கப்பட்டவன்தான்!

அதே 1921-ல் இந்தக் கதையும் வேறு சில கதைகளும் ‘யெக்கி பூத், யெக்கி நபூத்’ என்ற பெயரில் புத்தகமாயின. ‘ஒருவன் இருந்தான், ஒருவன் இல்லை’ என்று அர்த்தம். நம் பாட்டிமார் ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்குவதுபோல ஈரானியப் பாட்டிமார் கதை தொடங்கும் வாசகம் அது. புத்தகத்தின் கடைசியில் தெருப்பேச்சுச் சொற்களுக்கு ஓர் அகராதியும் சேர்த்தார். உள்ளூரில் இருப்பவன் இப்படிச் சொற்களை எண்ணிப் பார்ப்பானா? சொத்து முழுவதும் ஒரு பெட்டியில் அடங்கிவிட்ட பரதேசிதான் அடிக்கடி பெட்டியைத் திறந்து எண்ணுவான்.

ஈரானில் எதிர்ப்பு பலமாக எழுந்தது. தேசத்தையும் மதத்தையும் பழித்துவிட்டதாகக் கூச்சலிட்டார்கள். அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள் அவர் கதைப் புத்தகம் எதுவும் வெளியிடவில்லை. 1931 முதல் 1956 வரை ஜினீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தார். 1950-களில் இஸ்பஹான் நகரத்துப் பிள்ளைப் பிராயத்தை ஒரு நூலில் எழுதினார். ‘ஒரே துணியின் தலைப்பும் முடிவும்’ என்பது அதன் பெயர். ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்று நாம் சொல்வதற்கு ஈரானியர் சொல்லும் பழமொழி அது. ஸாயந்தே நதியும் அதன்மேல் முப்பத்துமூன்று வளைவுப் பாலமும் கொண்ட அந்த நகரை, ‘உலகத்தில் பாதி’ என்று அவர்கள் கொண்டாடுவார்கள்.

பிற்காலத்து விமரிசகர்கள், அவருடைய ஈரான் பழைய ஈரான், இன்றைய தெருவை அவர் அறியார் என்றார்கள். அது உண்மையே. பிரிந்து போனவன் மனத்தில் ஊருக்கு வயதாவதில்லை. ஆனால் ஊரிலேயே இருந்த ஷேக்குக்கும் வாலிபருக்கும் ரம்ஸானோடு பேசத் தெரியவில்லை என்பதும் உண்மைதானே? நாட்டின் மீது பாத்தியதை கொண்டாட, அங்கே குடியிருந்தால் மட்டும் போதாது. பயந்து நடுங்கும் ஓர் ஏழைக்குப் புரியும்படி அந்த நாட்டுப் பாஷையில் ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் தகப்பனார் செய்ததை மகன் காகிதத்தில் செய்தார். அந்தப் பாத்தியதையைப் பறிக்க எந்த ஷாவிடமும் பீரங்கி இல்லை.