பார்ட்னர் விசா: ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருந்தபடி விண்ணப்பித்தல்

ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ள ஒருவரை, அல்லது அங்கு வாழும் தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனை மணந்தவர், அந்த உறவின் பேரில் ஆஸ்திரேலியாவில் தங்குவதற்குக் கேட்கும் அனுமதி பார்ட்னர் விசா எனப்படும். மணம் முடிக்காமல் தம்பதியாகச் சேர்ந்து வாழ்பவரும் இதைக் கேட்கலாம். தமிழர்களின் பேச்சில் இது 'ஸ்பவுஸ் விசா'. நாட்டுக்குள் இருந்துகொண்டு கேட்பவருக்கு 820, 801 என்ற எண்களும், வெளியிலிருந்து கேட்பவருக்கு 309, 100 என்ற எண்களும் உண்டு. 500 எனும் மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருக்கும்போதே 820க்கு விண்ணப்பிப்பது பரவலாக நடப்பது; சட்டம் அதைத் தடுக்கவில்லை.

மாணவர் தம் மனைவியையோ கணவரையோ சார்ந்தவராகத் தம் விசாவிலேயே சேர்த்துக்கொள்வது வேறு ஏற்பாடு. அங்கே துணைவர் தங்குவது மாணவரின் படிப்பை நம்பி இருக்கிறது. பார்ட்னர் விசாவில் மாணவரே விண்ணப்பதாரர். ஸ்பான்சர் செய்பவர் மற்றவர்.

ஒரு விண்ணப்பம், இரண்டு விசா

820 தற்காலிகமானது, 801 நிரந்தரமானது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே விண்ணப்பத்தில், ஒரே கட்டணத்தில் கேட்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் 9,095 ஆஸ்திரேலிய டாலராக இருந்த அடிப்படைக் கட்டணம் 2025 ஜூலை 1 முதல் 9,365 டாலர் ஆனது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் இந்தப் பணம் பொதுவாகத் திரும்பி வராது. 801ஐப் பரிசீலிக்கத் தொடங்கும் இரண்டு ஆண்டுக் கணக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து ஓடுகிறது. 820 கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு, அது தவறு. விண்ணப்பிக்கும்போதே மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும், குழந்தையோடு இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் இந்தக் காத்திருப்பின்றி நிரந்தர விசா கிடைக்க வாய்ப்பு உண்டு.

எந்த நாளில் எந்த விசா

இந்த விண்ணப்பத்தில் சிக்கிக்கொள்பவர்களில் பலர் உறவை நிரூபிக்க முடியாதவர்கள் அல்லர், தேதியில் தவறியவர்கள். சட்டம் முதலில் கேட்பது, விண்ணப்பித்த நாளில் கையில் என்ன விசா இருந்தது என்பதை. மாணவர் விசா, பட்டதாரி விசா, சுற்றுலா விசா போன்றவை முழு விசாக்கள். ஒன்று முடிந்து அடுத்தது முடிவாகும்வரை தரப்படும் பிரிட்ஜிங் விசா அந்தக் கணக்கில் சேராது. மாணவர் விசா நீட்டிப்பு நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் பிரிட்ஜிங் விசாவோடு இருப்பவர் 'என்னிடம்தான் விசா இருக்கிறதே' என்று நினைப்பது இயல்பு. ஆனால் அவருக்கு 1994ஆம் ஆண்டின் குடிவரவு விதிகளில் உள்ள மூன்றாம் அட்டவணை பாயும். கடைசி முழு விசா முடிந்த 28 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். விசா இல்லாமல் போனது தன் கையை மீறிய காரணத்தால் என்றும் காட்ட வேண்டும். முடியாதவர் விலக்குக் கேட்க, வலுவான, தட்ட முடியாத காரணங்களை முன்வைக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டது என்பது மட்டும் அப்படியொரு காரணமாகாது. விண்ணப்பித்த நாளில் இருந்த காரணங்களை மட்டுமே பார்ப்போம் என்று ஒரு காலம்வரை அதிகாரிகள் சொல்லிவந்தார்கள். அதற்குப் பிறகு எழுந்தவற்றையும் பார்க்க வேண்டும் என்று 2016இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது.

மாணவர் விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்தவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. அவருக்கு பிரிட்ஜிங் விசா ஏ கொடுக்கப்படும். ஆனால் அது உடனே நடைமுறைக்கு வருவதில்லை. ஒருவரின் மாணவர் விசா மார்ச் 15 அன்று முடிகிறது, அவர் முந்தைய அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்ஜிங் விசா வழங்கிய கடிதம் சில நாட்களிலேயே மின்னஞ்சலில் வந்திருக்கும். அதில் வேலைக்கு எந்தக் கட்டுப்பாடும் இருக்காது. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் அவர் வாரம் ஐந்து நாள் முழுநேர வேலைக்குச் சேர்ந்தால் விதியை மீறியவர் ஆகிறார். மார்ச் 15 வரை அவர்மேல் இருப்பது மாணவர் விசாதான். பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற 2023 ஜூலை வரம்பும், பதிவுசெய்த படிப்பில் தொடர வேண்டும் என்ற நிபந்தனையும், மாணவர் மருத்துவக் காப்பீடும் அதுவரை விடாது.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. இனி படிப்புக் கட்டணம் எதற்கு என்று கல்லூரியை விட்டுவிடுவது, அல்லது மாணவர் விசாவை ரத்துசெய்யும்படி தானே எழுதிக் கொடுப்பது. மாணவர் விசா ரத்தானால் அதோடு ஒட்டியிருந்த பிரிட்ஜிங் விசா ஏ-யும் போய்விடும். பார்ட்னர் விண்ணப்பம் பிழைத்திருக்கும். விண்ணப்பித்தவர்தான் விசா இல்லாதவராக நிற்பார்.

மாணவர் விசா முடிந்தபின் ஊருக்குப் போய்வர நினைப்பவர் பிரிட்ஜிங் விசா பி வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். அது இல்லாமல் கிளம்பினால் ஏ அந்தக் கணமே முடிந்துவிடும். வீட்டில் துக்கம் என்று நள்ளிரவில் செய்தி வந்து அவசரமாகக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. சில விசாக்களில் 8503 போன்ற 'மேற்கொண்டு தங்கக் கூடாது' நிபந்தனை இருக்கும். அரசின் உதவித்தொகையில் படிக்க வந்த மாணவர்களுக்கும் இதேபோல் தனி நிபந்தனை உண்டு. வேவோ எனும் அரசு இணையத் தளத்தில் பாஸ்போர்ட், விசா விவரங்களைக் கொடுத்தால் இவையெல்லாம் தெரிந்துவிடும். கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பு பார்த்துக்கொள்வது நல்லது.

உறவைக் காகிதத்தில் காட்டுவது

1958ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமும் விதிகளும் உறவை நான்கு பக்கமிருந்து பார்க்கச் சொல்கின்றன: பணம், குடித்தனம், ஊராரிடம் தம்பதியாக அறியப்படுவது, ஒருவர்மீது ஒருவருக்குள்ள நீண்டகாலப் பிடிப்பு. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பயணச் சீட்டுகள், படங்கள், இருவரும் தனித்தனியாக எழுதும் உறவின் கதை என்று கோப்பு வளரும். கணக்குத் தொடங்கினால் மட்டும் போதாது. சம்பளம் வருவதும் மளிகைக்கும் வாடகைக்கும் செலவாவதும் அதில் தெரிய வேண்டும். பணமே அசையாத கூட்டுக் கணக்கு அதிகாரியை நம்பவைக்காது.

உறவை அறிந்தவர்கள் எழுதித் தரும் 888ஆம் எண் படிவமும் உண்டு. எழுதுபவர் ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர வதிவுரிமை உள்ளவராகவோ இருக்க வேண்டும்; குறைந்தது இரண்டு பேர் தேவை. 'இவர்கள் நல்ல தம்பதி' என்று நாலு வரி எழுதினால் அதற்கு மதிப்பில்லை. 'பொங்கலுக்கு இவர்கள் வீட்டில் சாப்பிட்டேன்; அப்போது அவள் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், இவன்தான் சமைத்தான்' என்பது போன்ற ஒரு வரி ஒரு பக்கப் புகழ்ச்சியைவிட எடையுள்ளது.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் இங்கே தனிக் கேள்விகளை எழுப்பும். பழகிய நாட்கள் குறைவு. சேர்ந்து எடுத்த பழைய படங்கள் இருக்காது. சட்டத்துக்கு அது குறையில்லை. ஓராண்டு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மணமாகாத தம்பதிகளுக்கானது. முறைப்படி மணந்தவர்களுக்கு அல்ல. நிச்சயதார்த்தம், இரு வீட்டார் பேச்சு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் சான்றுகள். பெயர்தான் பெரிய தொல்லை. தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவம் அதைக் கேட்கும்போது தந்தை பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். திருமணச் சான்றிதழில் இனிஷியலோடும் பாஸ்போர்ட்டில் விரித்தும் இருக்கும் பெயர் ஒருவருடையதே என்று தனியாக எழுதி விளக்க வேண்டிவரும். தமிழ்நாட்டில் நடந்த திருமணங்களை 90 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் சொல்கிறது. மண்டப ரசீதையும் ஆல்பத்தையும் மட்டும் நம்பி வந்தவர்கள் பதிவுக்காக மறுபடி ஊருக்கு அலைவதுண்டு.

ஆஸ்திரேலியாவிலேயே மணப்பவர் திருமணம் நடத்திவைக்கும் அதிகாரம் பெற்றவரிடம் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாத ஒருவர் கோயிலில் தாலி எடுத்துக் கொடுத்தால் அது சட்டப்படி திருமணமாகாது. சேர்ந்து வாழும் உறவுக்கு ஒரு சான்றாக மட்டும் உதவலாம். மாணவர் விசா முடிய மூன்று வாரம் இருக்கும்போது கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர் இந்த ஒரு மாதத்தை மறந்துவிடுகிறார். மணமாகாத தம்பதிகள் மாநிலப் பதிவேட்டில் உறவைப் பதிவுசெய்துகொண்டால் ஓராண்டு நிபந்தனை விலகும். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா உள்ளிட்ட பல மாநிலங்களில் இந்த வசதி இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இல்லை. ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் இதே விதிகள்தான். 2017 டிசம்பர் 9 முதல் அவர்கள் அங்கே மணந்துகொள்ளவும் முடிகிறது.

ஸ்பான்சர்

ஒருவர் வாழ்நாளில் பொதுவாக இரண்டு பேரைத்தான் ஸ்பான்சர் செய்யலாம், அதுவும் ஐந்து ஆண்டு இடைவெளியில். தாமே பார்ட்னர் விசாவில் வந்தவருக்கும் அந்த ஐந்து ஆண்டு பொருந்தும். ஸ்பான்சர் செய்பவரும் காவல்துறைச் சான்று கொடுக்க வேண்டும்.

'நான் நினைத்தால் உன் விசாவை ரத்துசெய்துவிடுவேன்' என்ற மிரட்டல் சில வீடுகளில் கேட்கும். ஸ்பான்சருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஸ்பான்சர் பொறுப்பிலிருந்து அவர் விலகலாம், உறவு முறிந்ததாகத் தெரிவிக்கலாம். ரத்துசெய்வதும் மறுப்பதும் உள்துறை அமைச்சகத்தின் வேலை. குடும்ப வன்முறையால் உறவு முறிந்தாலும், ஸ்பான்சர் இறந்துவிட்டாலும், இருவருக்கும் பொறுப்புள்ள குழந்தை இருந்தாலும் விண்ணப்பம் தொடர்ந்து நடக்க வழி உண்டு. உடலில் அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பணத்தைப் பிடுங்கி வைப்பதும் அச்சுறுத்துவதும் வன்முறைக் கணக்கில் சேரும்.

காத்திருக்கும் காலம்

ஆஸ்திரேலியரின் கணவரோ மனைவியோ நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போதே மெடிகேர் என்ற பொது மருத்துவத் திட்டத்தில் சேரலாம். பல்கலைக்கழகக் கட்டணத்தில் அந்தச் சலுகை இல்லை. 820 வந்தபிறகும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். 801 கிடைத்தால் உள்நாட்டுக் கட்டணத்துக்கு வரலாம், ஆனால் படிப்புக் கடன் வசதிக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 2024 அக்டோபர் 14 முதல் இயங்கும் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 801 பரிசீலனைக்கு வரும்போது இரண்டு ஆண்டுகளின் புதிய சான்றுகளை மறுபடி ஏற்ற வேண்டும். முன்பு கொடுத்தது போதும் என்று விட்டுவிடக் கூடாது. அதற்கு அடுத்து குடியுரிமை. நான்கு ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும். அதில் கடைசி ஓராண்டு நிரந்தர வதிவுரிமையோடு இருக்க வேண்டும். அந்த நான்கு ஆண்டுக் கணக்கில் மாணவர் விசாவில் கழிந்த நாட்களும் பிரிட்ஜிங் விசாவில் காத்திருந்த நாட்களும் சேரும்.