ஒட்டுத் தெரியாத படிவம்: ஒரு சிறு வரலாறு

தமிழ்ப்பள்ளிகளின் இணையப் பக்கங்களில் பெற்றோர் நிரப்பும் பதிவுப் படிவங்கள் பல, உண்மையில் பள்ளியுடையவை அல்ல. வேறொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கும் படிவம், நம் பக்கத்தில் திறந்துவிடப்பட்ட ஒரு சாளரத்தின் வழியே தெரிகிறது, அவ்வளவே. நிறத்தைப் பொருத்தி, ஓரக்கோட்டையும் நீக்கிவிட்டால் ஒட்டு மறைந்துவிடும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருக்கும் ஒரு தாய், ஆசிரியரிடம் கொடுப்பதாக எண்ணித் தம் பிள்ளையின் விவரங்களை வேறொருவரிடம் கொடுக்கிறார். இவ்வழக்கம் வந்த வழியை ஆசிரிய நண்பர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம்.

1993ஆம் ஆண்டில் மொசைக் உலாவியில் படிவங்கள் இடம்பெற்றன. நிரப்பியதைப் பெற்றுக்கொள்ள வழங்கியில் ஒரு நிரல் வேண்டும். அதை எழுதத் தெரிந்தவர் எந்தப் பள்ளியில் இருந்தார்? இதற்கு வழிவிட்டது 1996இல் மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்புளோரர் 3 உலாவியில் கொண்டுவந்த ‘ஐஃபிரேம்’ என்னும் உட்சட்டகம். 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 அதனைத் தரமாக ஏற்றது. ஒரு பக்கத்திற்குள் இன்னொரு தளத்தின் பக்கத்தை வைக்கலாம். ஆயினும், வெளிப்பக்கம் உட்பக்கத்தைப் படிக்க முடியாது. வேற்றுத் தளங்களுக்கிடையே உலாவி எழுப்பும் இச்சுவர் நெட்ஸ்கேப் 2 காலத்தது. உட்படிவத்தின் உயரத்தைக்கூட நம் பக்கத்தால் தானாக அளக்க இயலாததற்கு அதுவே காரணம். கைப்பேசியில் ‘அனுப்பு’ பொத்தான் கீழே மறைந்துபோவதும் அதனால்தான்.

தமிழுக்கு வேறொரு தடையும் இருந்தது. 1985இல் முத்து நெடுமாறன் தொடங்கிய முரசு அஞ்சல் வழியாக, கணினித் தமிழில் மலேசியா முன்னரே கால்பதித்திருந்தது. ஆனால் குறியேற்றங்கள் பல: தகுதரம் எனப்படும் டிஸ்கி ஒருபுறம்; 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் மறுபுறம். தமிழ் எழுத்துருவை இட்டுப் பக்கத்தைத் தமிழாகக் காட்டலாம். அயல் நிறுவனத்தின் படிவமோ அக்குறியேற்றங்களை அறியாது. பெற்றோர் ‘கிள்ளான்’ என்று தட்டினால், மறுமுனையில் ஐரோப்பிய எழுத்துகளின் குவியல் கிடைக்கும். அதே எழுத்துரு உடையவர் அக்குவியலை மீண்டும் தமிழாக்கலாம். மற்றவர்க்கு அது குப்பையே.

யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. விண்டோஸ் 2000 வந்தபின் அது மெல்லப் புழக்கத்திற்கு வந்தது. 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோதும் பழைய குறியேற்றங்கள் மறையவில்லை. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றதே 2010இல்தான். அதுவரை அயலார் படிவம் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டாமலே நின்றது. ஒருவகையில் அது நன்மையே என்பேன்: அது பிறர் பொருள் என்பது எழுத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்!

2008 பிப்ரவரியில் கூகள், தன் விரிதாளோடு படிவத்தையும் இணைத்துத் தந்தது. வரும் விடைகள் தாமாகவே அட்டவணையில் விழுந்தன. யூனிகோடுத் தமிழும் சிதையாமல் வந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபின், வருகைப் பதிவு முதல் புதிர்ப்போட்டி வரை எல்லாமே இத்தகைய படிவங்களாயின.

இங்கே ஒரு வேடிக்கை. எச்.டி.எம்.எல். 5 வரைவில், சட்டகத்தின் ஒட்டையே மறைக்கும் ‘சீம்லெஸ்’ என்னும் பண்பு முன்மொழியப்பட்டது. அதுவும் ஒரே தளத்துப் பக்கங்களுக்கு மட்டுமே. அயலார் பக்கத்திற்கு இல்லை. பின்னர் அதுவும் கைவிடப்பட்டது. 2008இலேயே, மறைவான சட்டகத்தின்மீது பயனரை அறியாமல் சொடுக்கவைக்கும் மோசடியை ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியிருந்தனர். மறு ஆண்டில் வந்த எக்ஸ்புளோரர் 8, தன் பக்கத்தைப் பிறர் சட்டகமிடாதபடி தடுக்கும் உரிமையைத் தளங்களுக்குத் தந்தது.

அயலார் படிவம் நம் பெயர்களையும் தன் அச்சுக்குள் அடக்கப் பார்க்கும். ‘குடும்பப் பெயர்’ கேட்கும் கட்டத்தில் நம்மவர் எதை எழுதுவர்? ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பதன் சாய்கோட்டை ஏற்க மறுக்கும் படிவங்களும் உண்டு. அதைவிடக் கவலைக்குரியது மைகிட் எண். அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம் (சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14). கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா எனக் காட்டும். ஒரு கதைசொல்லும் போட்டிக்கு இவ்வளவும் எதற்கு?

2013 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறதே எனலாம். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. தனியார் டியூஷன் மையம் அதன் பிடியில் வரும். அரசுப் பள்ளி வராது. தரவைச் சேர்ப்போர் தரவேண்டிய அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். தமிழைக் கேட்கவில்லை, தடுக்கவுமில்லை. ஆகவே சட்டகத்தின் ஓரக்கோட்டை நீக்காமல், அதற்கு மேலே, படிவம் எந்த நிறுவனத்துடையது, விடைகளை யார் பார்ப்பர், எப்போது அழிக்கப்படும் என இரண்டு வரி தமிழில் எழுதிவிடலாம். மைகிட் எண்ணைக் கேட்கும் கட்டத்தையும் அப்படியே எடுத்துவிடலாம்.